ஞாயிறு: பேணும் நாள்

ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அதன் கலியாண வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு அதன் முற்றத்தில் நின்று பார்த்தாற் போதும். கொடியிலே பள்ளிச் சீருடைகள் உலர்ந்துகொண்டிருக்கும். திண்ணையில் ஒரு சிறுவன் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருப்பான். வாசலில் நிற்கும் வண்டியின் முன்மூடியைத் திறந்து, தொலைந்த பொருளைத் தேடுகிறவர்போலத் தந்தை குனிந்து நிற்பார். குசினி வாசலில் அமர்ந்து தாய் சாமான் சிட்டை எழுதுவார். வழிபாட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் குளித்து ஆயத்தமாவார்கள்.

கிழமை முழுவதும் ஓடித் தேய்ந்தவை யாவும் அந்த ஒரு நாளிலேதான் நம் கண்ணிற் படுகின்றன. தேய்ந்ததைத் திருத்துவது, தீர்ந்ததை நிரப்புவது, மறந்ததை நினைப்பது ஆகிய மூன்றுமே ஞாயிற்றுக்கிழமையின் தொழில்கள். முதலாவதைக் கராஜிலும், இரண்டாவதைக் கடைத்தெருவிலும், மூன்றாவதை ஆலயத்திலும் செய்கிறோம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தமிழில் உண்டு. அதுவே 'பேணுதல்'. ஞாயிறு ஓய்வு நாள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது பேணும் நாள்.

இந்த எண்ணத்தை நம் உள்ளத்தில் விதைத்தது மாத்தளை மாவட்டத்திலுள்ள கலேவெல என்னும் ஊர். அங்கு கழியும் ஓர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும், அது நமக்கு உணர்த்தும் சில விஷயங்களைப் பற்றியும் இன்று வாசகர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

பாறை வயல்

அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில், தம்புள்ளையை அடைவதற்கு முன்னர் வருவது கலேவெல. சிங்களத்தில் 'கல' என்பது பாறை. 'வெல' என்பது வயல். மலைநாட்டின் குளிர் தீர்ந்து, வரண்ட வலயத்தின் வெயில் தொடங்கும் இடம் அது. நெல்லும் காய்கறியும் பெரிய வெங்காயமும் அம்மண்ணின் செல்வங்கள். 1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது முதல் இப்பகுதியின் காய்கறி நாடெங்கும் செல்லும் வழி இன்னும் இலகுவாயிற்று.

ஞாயிறு காலையில் இவ்வூரின் தெருக்களைப் பார்ப்பது கண்ணுக்கு ஓர் இன்பம். வெள்ளுடை தரித்த பௌத்தச் சிறுவர் சிறுமியர் விகாரையின் அறநெறிப் பாடசாலையை நோக்கி நடப்பர். முஸ்லிம் பிள்ளைகள் 'அஹதியா' பாடசாலைக்குச் செல்வர். 'அஹத்' என்னும் அறபுச் சொல்லே ஞாயிற்றைக் குறிப்பதுதான். கத்தோலிக்கக் குடும்பங்கள் பூசைக்குப் புறப்படும். நம்மைப்போன்ற இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் நாட்டின் பல ஊர்களில் அன்று காலையிலேயே அறநெறி வகுப்பிலே தேவாரம் பாடுகின்றனர். கிறிஸ்தவர்களின் திருநாளாக வந்த ஞாயிறு, இந்நாட்டில் நான்கு சமயத்தவரும் தத்தம் பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் நாளாக மாறியிருப்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாகின்றன.

பேணுதலின் அருமையைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை. கலேவெலவிலிருந்து வடக்கே சென்றால் கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் காணலாம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த குளம் அது. மன்னன் ஒருமுறைதான் கட்டினான். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக அணையில் வளர்ந்த செடியைப் பிடுங்கியவர்களும், வாய்க்காலில் படிந்த சேற்றை அள்ளியவர்களுமே அதனைக் குளமாக வைத்திருந்தனர். அந்தக் கைகள் ஓய்ந்த காலத்தில் குளம் தூர்ந்தது, வயல் காடாயிற்று. பின்னர் 1887 ஆம் ஆண்டளவில், ஆதர் கோர்டன் தேசாதிபதியாக இருந்த காலத்தில், அது மீண்டும் திருத்தப்பட்டது. கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு, பேணியவனுக்கு இல்லை. ஆயினும் பேணியவன் இல்லாவிடில் கல்வெட்டைப் படிப்பதற்கு அங்கே ஊரும் இராது.

குருவில்லாத கோயில்

கலேவெலவுக்கு அண்மையில் வஹாகோட்டை என்றொரு கிராமம் இருக்கின்றது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலம் நாடறிந்தது. ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் திரள்வர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், நேர்த்திக்கடன் வைத்த மற்றைச் சமயத்தவரும் அங்கே வருவதுண்டு.

அக்கிராமத்தாரின் வரலாறு ஒரு நெடுங்கதை போன்றது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1635 முதல் 1687 வரை ஆட்சி புரிந்தான். அவன் காலத்தில் அங்கே குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயப் போர்வீரர்களின் சந்ததியாரே வஹாகோட்டைக் கத்தோலிக்கர் என்பது வழிவழி வரும் செய்தி. இன்று அவர்கள் பேசுவது சிங்களம். உடையாலும் உணவாலும் அயலவரினின்று அவர்களைப் பிரித்தறிய முடியாது. மாறாமல் நின்றது அவர்களுடைய சமயம் ஒன்றே.

அது மாறாமல் நின்றது எளிதில் நிகழ்ந்ததன்று. 1658 இல் போர்த்துக்கேயரை வென்று கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் கத்தோலிக்கக் குருமார் நடமாடுவதைத் தடை செய்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கர் மேய்ப்பனில்லா மந்தையாக வாழ்ந்தனர். 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடம் பூண்டு வந்து சேர்ந்தார். 1692 இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தில் அவர் சிறையிடப்பட்டார். பின்னர் அரசனின் நன்மதிப்பைப் பெற்று, 1711 இல் கண்டியிலேயே உயிர் நீக்கும் வரை தொண்டு செய்தார். 2015 ஜனவரி 14 ஆம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வாஸ் அடிகளார் செய்த காரியங்களுள் நமக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. தாம் எல்லா ஊர்களிலும் இருக்க முடியாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஊராருள்ளிருந்தே 'மூப்பர்' ஒருவரையும் 'அண்ணாவியார்' ஒருவரையும் நியமித்தார். மூப்பர் கோயிற் காரியங்களைக் கவனிப்பார். அண்ணாவியார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பார். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டி வழிபாட்டை நடத்துவார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், வராமலே போனாலும், ஞாயிறு தவறாது. 1705 இல் வந்து சேர்ந்த ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்தையும் தமிழையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் எழுதி, இந்த அண்ணாவிமாரின் கையில் கொடுத்தார். தவக்காலத்தில் ஓதப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' அவருடைய தமிழ்ப் படைப்பே.

1740 களில் கண்டியரசன் குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது, மலைநாட்டுக் கத்தோலிக்கர் மீண்டும் தனித்து விடப்பட்டனர். அப்போதும் விளக்கு அணையவில்லை. அதற்கு எண்ணெய் ஊற்றியவர்கள் பெரிய பண்டிதர்களல்லர். பகலெல்லாம் வயலிலே உழுதவர்கள். வாரம் ஒருநாள் உடலைக் கழுவி, ஊரைக் கூட்டி, தெரிந்த செபத்தைச் சொன்னவர்கள். இன்று வஹாகோட்டையில் ஞாயிறு மணி ஒலிக்கும்போது, வரலாற்றில் பெயர் பதியாத அந்த அண்ணாவிமாரின் குரலும் அதனுள் ஒலிப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஞாயிறு வழிபாட்டை வெறும் வழக்கம் என்று எண்ணியிருந்தவர்களுக்கும் அதன் அருமையை 2019 ஏப்ரல் 21 உணர்த்தியது. உயிர்த்த ஞாயிறான அன்று கொழும்புக் கொச்சிக்கடை, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன. அடுத்த ஞாயிறு ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. கொழும்புப் பேராயர் நிறைவேற்றிய பூசையைக் கத்தோலிக்கர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலே கண்டனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த கூரையை வேய்ந்தவர்களும், மறுபடியும் அதே வாங்குகளில் வந்து அமர்ந்தவர்களும் செய்தது ஒரே வேலைதான்.

வண்டி பேசும் பாஷை

ஆலயத்திலிருந்து கராஜுக்குப் போவது பெரிய தாவலென்று வாசகர்கள் நினைக்கலாம். கலேவெலவில் அது ஒரு தெருத் தூரம்தான். பூசை முடிந்து வரும் குடும்பங்கள் பல, வீடு திரும்புமுன் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டோ, எண்ணெய் பார்த்துக்கொண்டோதான் போகின்றன.

நம்மிடமுள்ள மோட்டார் வண்டி நம் மாணவர் பலரினும் வயதில் மூத்தது. ஒரு ஞாயிறு கலேவெலவை அடையும்போது அது கீச்சிடத் தொடங்கியது. வெப்பத்தைக் காட்டும் முள்ளும் மேலே ஏறியது. கராஜ் ஒன்றில் நிறுத்தினோம். அதனை நடத்தியவர் ஒரு முஸ்லிம் இளைஞர். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்துபவர். ஞாயிறன்று திறந்து வைப்பவர். நாம் பதற்றத்தோடு ரேடியேற்றர் மூடியில் கை வைக்கப் போனபோது அவர் ஓடி வந்து தடுத்தார்.

"சேர், அதிலே கை வைக்க வேண்டாம். கொஞ்சம் ஆறட்டும்."

"தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தானே, தம்பி?"

"பார்ப்பதற்கு முன்னமே முகத்தில் அடிக்கும், சேர். வாங்க, அந்த வாங்கில் இருங்க. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்தான்."

அவர் சொன்னதிலே பௌதிகப் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ரேடியேற்றரின் மூடி உள்ளே அழுத்தத்தை அதிகமாக்கி வைத்திருப்பதால், அங்குள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் குறைய, நீர் ஒரேயடியாகப் பொங்கி ஆவியோடு பீறிடும். மாணவர்கள் பரீட்சைக்காகப் படிக்கும் இந்த விதி, தெருவோரத்தில் ஒருவருடைய கண்ணைக் காப்பாற்றும்.

தேநீர் முடிவதற்குள் அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். விசிறியைச் சுழற்றும் பட்டி தளர்ந்திருந்தது. அந்தப் பழைய வகை வண்டியில் அதே பட்டிதான் நீரைச் சுற்றியோட வைக்கும் பம்பையும், பற்றரிக்கு மின்னூட்டும் கருவியையும் சுழற்றுவது. பட்டி வழுக்கினால் கீச்சொலி எழும், நீரோட்டம் குறையும், எஞ்சின் கொதிக்கும். "வண்டி முதலில் சத்தத்தால் சொல்லும், சேர். கேட்காவிட்டால் பிறகு செலவால் சொல்லும்" என்றார் அவர். கல்லூரிப் பிரசங்கங்களில் இதைவிடச் சுருக்கமான நல்லுரையை நாம் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் எந்தக் குடும்பமும் தானே செய்துகொள்ளக்கூடிய சில காரியங்களை இங்கே குறிப்பிடுவது பயனுடைத்தாகும். டயரின் காற்றை வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்று விரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். எஞ்சின் எண்ணெயைச் சமதரையில் நிறுத்தி, கோலை ஒருமுறை துடைத்து, மறுபடியும் இட்டுப் பார்க்க வேண்டும். பற்றரி முனைகளில் வெண்பூப் பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பிரேக் எண்ணெயை மட்டும் அசட்டை செய்யக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேற, அந்த ஈரம் ஆவியாகிக் குமிழியாகும். குமிழி அமுங்கிக் கொடுக்கும், காலடியில் பிரேக் தரை வரை தாழும், வண்டி நில்லாது. குறித்த காலத்தில் அதனை மாற்றுவதும், இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குவதும் உயிர்காக்கும் பழக்கங்கள்.

பழைய வண்டியைப் பேணுவது இந்நாட்டாருக்குக் கைவந்த கலை. 1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, உதிரிப் பாகம் கிடையாமல் நம் கைவினைஞர் தாமே கடைந்தும் உருக்கியும் செய்து போட்டனர். அந்தத் திறமை வீண்போகவில்லை. 1990 களில் இலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டிப் பாகங்கள், அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! பின்னர் 2020 இல் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகள் நாட்டை ஓட்டிச் சென்றவர்களுள் கறுத்த கையுடைய இந்தச் சிறு கராஜ்காரர்களும் அடங்குவர்.

சிட்டையில் ஒளிந்த சரித்திரம்

கராஜில் வண்டி நிற்கும் நேரத்தில் கடைத்தெரு வேலையை முடிப்பது கெட்டிக்காரத்தனம். இதனை நமக்கு நன்றாகக் கற்பித்தது 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சம். எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றோம். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் வண்டிக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கியது. ஆயினும் ஒரு பயணத்தில் மூன்று காரியம் முடிக்கும் பழக்கம் பல குடும்பங்களில் நிலைத்துவிட்டது. துன்பம் கற்பித்த நல்ல பழக்கத்தை இன்பம் வந்தபோது கைவிடாதிருப்பதும் ஒருவகைப் பேணுதலே.

சாமான் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் மாணவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லுகிறோம். அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக, 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பாண், சப்பாத்து, துவாய் ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை. வீட்டினுள்ளே நுழைந்தால் மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, அதன் சாவி ஆகியனவும் அவர்களுடையனவே. தாய் நிற்கும் குசினியும் அவ்வாறே. அடுத்து வந்த ஒல்லாந்தர் கந்தோரையும், மேசை லாச்சியையும் தந்தனர். தச்சுவேலை செய்பவரையும் கொத்துவேலை செய்பவரையும் மரியாதையாக 'பாஸ்' என்று அழைக்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்தான்.

வஹாகோட்டையில் குடியேறிய போர்வீரர்களின் மொழி அவர்கள் சந்ததியாரின் நாவில் நிற்கவில்லை. ஆனால் அம்மொழியின் சொற்கள் நம் வீட்டுக் குசினியிலும் அலுமாரியிலும் இன்றும் வாழ்கின்றன. ஆட்சி போயிற்று, கோட்டைகள் இடிந்தன, பாண் நிலைத்தது. அரசர்கள் காக்கத் தவறியதை அன்றாடப் புழக்கம் காத்துவிட்டது. புழங்காத சொல்லும் ஓடாத வண்டியும் ஒன்றுதான், இரண்டும் துருப்பிடித்துப்போம்.

ஞாயிறு இல்லாத ஆண்டுகள்

இளைய தலைமுறையினர் நம்பக் கூசும் செய்தி ஒன்று உண்டு. இந்நாட்டில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை! டட்லி சேனநாயக்கா பிரதமராக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா நாள்களே வார விடுமுறையாக்கப்பட்டன. பௌர்ணமி, அமாவாசை, இரு அரைச்சந்திர நாள்கள் ஆகிய நான்கிலும் விடுமுறை. அவற்றுக்கு முந்திய நாளில் அரைநாள் விடுமுறை. ஞாயிறன்று பள்ளிகளும் கந்தோர்களும் வழக்கம்போல் இயங்கின.

பௌத்தர்களின் நெடுநாளைய ஆசை நிறைவேறியது உண்மை. ஆனால் சந்திரன் காரியாலயக் கணக்குக்குக் கட்டுப்படுபவனல்லன். சந்திர மாதம் ஏறத்தாழ 29.5 நாள். அதனை நான்காகப் பங்கிட்டால் ஏழுக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே ஒரு போயாவுக்கும் மறு போயாவுக்கும் இடையே சிலபோது 7 நாள், சிலபோது 8 நாள். இந்தக் கிழமை செவ்வாய் விடுமுறையானால், அடுத்த கிழமை புதனாக இருக்கலாம். உலகம் ஞாயிறு உறங்குகையில் கொழும்புத் துறைமுகம் விழித்திருந்தது. உலகம் விழித்திருக்கையில் நம் வங்கிகள் மூடியிருந்தன. கிறிஸ்தவ உத்தியோகத்தர் வேலைக்கு முன் அதிகாலையிலோ, வேலை முடிந்து மாலையிலோ பூசைக்கு ஓட வேண்டியதாயிற்று. 1971 இல் ஞாயிறு மீண்டது. பௌர்ணமிப் போயா பொது விடுமுறையாகத் தொடர்ந்தது. இரண்டும் வாழ இடமிருக்கிறது என்பதை நாடு ஐந்தாண்டுப் பரீட்சைக்குப் பின் கண்டுகொண்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? விடுமுறை என்பது தனி மனிதனின் சொத்தன்று. எல்லாருக்கும் ஒரே நாள் ஓய்ந்தால்தான் குடும்பம் கூடும். மருத்துவமனையிலுள்ள உறவினரைப் போய்ப் பார்க்கலாம். கலியாணப் பேச்சுப் பேசலாம். கணவனுக்குச் செவ்வாயும் மனைவிக்கு வியாழனும் ஓய்வானால், ஒரே வீட்டில் வாழ்ந்தும் இருவர் ஊராராகிவிடுவர். கி.பி. 321 இல் ரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் ஞாயிற்றை ஓய்வு நாளாக்கியபோது நகரத்தாருக்கும் கைத்தொழிலாளருக்கும் ஓய்வு விதித்தான். உழவருக்கு மட்டும் விலக்களித்தான். விதைக்கும் பருவம் தவறினால் திரும்பி வாராது என்பது அவன் கூறிய நியாயம். கலேவெல வெங்காயத் தோட்டக்காரர் இதனை வாசித்தால் தலையசைத்து ஆமோதிப்பார்.

யாருக்கு ஞாயிறு இல்லை?

உழவருக்குப் பருவம் தடை. இன்று வேறு இரு பகுதியாருக்கு ஞாயிறு இல்லாது போவதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

முதற் பகுதியார் நம் வீட்டுப் பெண்கள். மற்றவர்களுக்கு ஓய்வு நாளானால் அவர்களுக்கு உழைப்பு இரட்டிக்கிறது. எல்லாரும் வீட்டிலிருப்பதால் மூன்று வேளையும் சமையல் பெருகும், ஞாயிறு என்பதால் கறியும் ஒன்று கூடும், விருந்தினரும் வருவர். வண்டியின் எண்ணெயைக் கோலிட்டுப் பார்க்கும் கணவன், இல்லாளின் களைப்பை அளக்க எந்தக் கோலை வைத்திருக்கிறான்? 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு வேண்டுமென்று விதித்தது. கடைச் சிப்பந்திக்கு அரசாங்கம் கொடுத்த அந்த ஒன்றரை நாளில், அரை நாளையாவது வீட்டிலுள்ளோர் தாய்க்குக் கொடுக்க வேண்டாமா? மகன் தேங்காய் துருவலாம். தந்தை பாத்திரம் கழுவலாம். இதிலே குறைந்துபோகும் கௌரவம் ஒன்றுமில்லை.

இரண்டாம் பகுதியார் மாணவர்கள். கல்லூரியிலே கற்பிக்கும் நாம் திங்கட்கிழமை காலையில் காணும் முகங்களை வாசகர்களுக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். முதல் நாள் காலை 7 மணிக்கு ஒரு ரியூசன் வகுப்பு, 11 மணிக்கு மற்றொன்று, மாலையில் வேறொன்று என்று ஓடிய பிள்ளைகள், கிழமையின் முதல் பாடத்திலேயே கண் சொருகுகின்றனர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பத்து வயதுக் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். அறநெறிப் பாடசாலைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, வகுப்பைத் தவற விடாதே என்று சொல்லும் பெற்றோர் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அச்சமே அவர்களை அவ்வாறு பேச வைக்கிறது, அந்த அச்சத்தை நாம் அறிவோம், இகழவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். ஓயாது ஓடும் எஞ்சின் கொதிக்கும் என்று அறிந்த நாம், ஓயாது ஓடும் பிள்ளை கொதியாது என்று எப்படி நம்புகிறோம்? வஹாகோட்டை அண்ணாவியார் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்திராவிட்டால் அவர்கள் சமயம் ஒரு தலைமுறையிலேயே முடிந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் கைமாற்ற விரும்பும் எதுவாயினும், அது தேவாரமோ, தாத்தாவின் கதையோ, தளர்ந்த பட்டியை இறுக்கும் வித்தையோ, வகுப்பு அட்டவணையில் அதற்கு இடமில்லை. அது கைமாறும் இடம் ஞாயிறு காலை முற்றம்தான். அங்கே பிள்ளை நிற்க வேண்டும். நாமும் நிற்க வேண்டும்.

ஆகவே வருகிற ஞாயிற்றிலிருந்து இரண்டு மணி நேரத்தையாவது வகுப்புகளிடமிருந்து மீட்டு, வீட்டுக்கு ஒதுக்குங்கள். கடைக்குப் போகும்போது சிட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மிச்சக் காசை அவனே எண்ணட்டும். வண்டியோ சைக்கிளோ, அதைத் துடைக்கும்போது மகளையும் மகனையும் அருகிலழைத்து, இது எதற்கு, அது எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு உங்கள் வழிபாட்டிடத்துக்கு எல்லாருமாகச் செல்லுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, பாண்டித்தியமும் தேவையில்லை. மூப்பரும் அண்ணாவியாரும் நம்மைப்போன்ற சாதாரண மனிதர்களே.